சந்தனமாரியின் எண்பது கிராம்

முள்ளிக்கரை நடுநிலைப் பள்ளிக்கு எடை மெஷின் வந்த அன்று, நாற்பத்திரண்டு டம்ளர் அளந்து போட்ட சத்துணவு அரிசி நாலு கிலோ இருநூறு கிராம் காட்டுவதற்குப் பதிலாக நாலு கிலோ இருநூற்று எண்பது காட்டியது. கூடுதலாக வந்த அந்த எண்பது கிராம், மூன்று மாதத்துக்கு முன்னால் காய்ச்சலில் செத்துப்போன நாலாம் வகுப்பு சந்தனமாரியுடையது என்பதை ஊர் கண்டுபிடிக்க ஒன்றரை நாள் ஆனது. ஒன்றரை நாள் ஆனதே அதிகம் என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள்.

அதுவரை அந்தச் சமையலறையில் எடை என்று ஒன்று இருந்ததில்லை, அளவுதான் இருந்தது. ஐந்தாம் வகுப்பு வரை தலைக்கு நூறு கிராம், ஆறிலிருந்து எட்டு வரை நூற்றைம்பது என்று அரசாங்கம் சொல்லும். சமையல்காரி பூலம்மாளின் கைக்குத் தெரிந்ததோ இடுப்பு நசுங்கிய ஓர் அலுமினிய டம்ளர். சத்துணவு அமைப்பாளர் எஸ்தர் பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்த டம்ளரை ரேஷன் கடைக்குத் தூக்கிப்போய், அரிசியை நிரப்பி, விரலால் தலை தட்டி, தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டு வந்து, "தலை தட்டுனா நூறு, பூலம்மாக்கா. பெரிய பிள்ளைகளுக்கு ஒன்னரை. அவ்வளவுதான்" என்றாள். அவ்வளவுதான் என்று எஸ்தர் நினைத்தாள். பூலம்மாளுக்குப் பழகப் பழகத்தான் தெரிந்தது, அரிசிக்கு நூறு காட்டுகிற அதே டம்ளர் பருப்புக்கு நூற்றைந்து, எண்ணெய்க்கு நூற்றுப் பத்து, உப்புக்கு நூற்று நாற்பது, மிளகாய்ப்பொடிக்கு வெறும் ஐம்பத்தைந்து என்று ஆளுக்கு ஒரு முகம் காட்டும் என்பதும், புளி டம்ளருக்குள் உட்காரவே உட்காராது, அதைக் கைப்பிடியில்தான் கேட்க வேண்டும் என்பதும், புது அரிசி நூறைத் தாண்டும், பழைய அரிசி நூறைத் தொடாது, ஐப்பசி மழையில் எந்த அரிசியும் ஈரத்தைக் குடித்துவிட்டுப் பொய் சொல்லும் என்பதும். கடவுள் முட்டை ஒன்றைத்தான் எண்ணித் தீர்க்கும்படி படைத்தார். மற்ற எல்லாவற்றையும் ஒரு பாஷையிலிருந்து இன்னொரு பாஷைக்கு மாற்றுகிற வேலையைப் பூலம்மாளின் கையில் கொடுத்துவிட்டார், அவளும் மூச்சு விடாமல் அதைச் செய்துகொண்டிருந்தாள்.

மெஷின் வந்த அன்று பள்ளியில் சின்னப் பிள்ளைகள் முப்பது பேர், பெரிய பிள்ளைகள் எட்டுப் பேர். முப்பதுக்கு முப்பது, எட்டுக்குப் பன்னிரண்டு, ஆக நாற்பத்திரண்டு டம்ளர். நாலு கிலோ இருநூற்று எண்பது என்று வந்ததும் எஸ்தர் மெஷினை அணைத்து மறுபடி போட்டாள். அதே எண்பது. ஒவ்வொரு டம்ளராகத் தனித்தனியே நிறுத்தாள். நூறு, நூறு, நூறு என்று நாற்பத்திரண்டு தடவை அச்சடித்தாற்போல வந்தது, எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டியதும் எண்பது கூடிக்கொண்டது. தலைமை ஆசிரியர் ஞானசிகாமணி வந்து பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார், ரேஷன் கடைப் படிக்கற்களை வரவழைத்தார். இரும்புக் கல்லும் மெஷினும் ஒரே பதிலைத்தான் சொல்லின. முட்டை மட்டும் முப்பத்தெட்டுக்கு முப்பத்தெட்டு சரியாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் மூன்றாம் வகுப்பு ஜெபராணி தட்டைத் தூக்கினாள், தூக்க முடியவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அது ஒன்றும் பெரிய சங்கதி இல்லை என்பதுபோலச் சொன்னாள்.

"சார், மாரி வந்திருக்கா. அவ சோறு எந் தட்டுல இருக்கு."

அப்படித்தான் தெரிந்தது. பானையில் பார்த்தால் சோறு நாற்பத்திரண்டு டம்ளருக்கு உள்ள உயரம்தான் இருக்கும், தட்டில் பார்த்தால் எல்லார் சோறும் ஒரே குவியல்தான், ஆனால் தினமும் யாரோ ஒரு பிள்ளையின் தட்டு மட்டும் கனக்கும், அதைத் தின்ற பிள்ளைக்கு ராத்திரி பசிக்காது, தூக்கத்தில் சிரிக்கும். முள்ளிக்கரை இதைப் பழகிக்கொண்ட வேகத்தைப் பார்த்தால், இப்படி ஒன்று வரட்டும் என்று காத்துக்கொண்டிருந்த ஊர் என்றே சொல்லவேண்டும். "இன்னைக்கு எங்க வீட்டுக்கு மாரி வந்திருந்தா" என்று தாய்மார்கள் குழாயடியில் சொல்லிக்கொண்டார்கள். மெலிந்த பிள்ளையைப் பெற்றவர்கள் தங்கள் பிள்ளையைப் பந்தியில் நடுவில் உட்கார வைக்கும்படி டீச்சர்களைத் தனியே பார்த்துக் கேட்டுக்கொண்டார்கள், மாரி நடுவில் உள்ளவர்களைத்தான் தேர்ந்தெடுக்கிறாள் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். கோயில் பூசாரி திருநீறு கொண்டுவந்து மெஷினுக்குப் பூசினார், எஸ்தரின் சபை ஊழியர் வந்து மெஷின்மேல் கைவைத்து ஜெபித்தார், இரண்டு பேரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். டவுன் அரிசிக்கடைக்காரர் ஒருவர் பத்து மூட்டை பொன்னியை லாரியில் ஏற்றிவந்து அந்த மெஷினில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தார். ஒரு மணியும் கூடவில்லை. மாரிக்கு ரேஷன் அரிசிதான் இறங்கும் போலிருக்கிறது என்று ஊர் அவரைக் கேலி பேசி அனுப்பிவைத்தது.

இத்தனையிலும் வாய் திறக்காமல் அடுப்பைப் பார்த்தபடி இருந்தவள் பூலம்மாள் ஒருத்திதான். சந்தனமாரி அவளுடைய மகள், ஒரே மகள். புருஷன் பனையிலிருந்து விழுந்து செத்தபோது மாரிக்கு ஒன்றரை வயது. ஐப்பசியில் மூன்று நாள் காய்ச்சலில் மாரியும் போனபின், பதினாறாம் நாள் கழிந்து பூலம்மாள் அந்த டம்ளரை மறுபடி கையில் எடுத்தாள், வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அரிசியில் மகள் வந்திருக்கிறாள் என்று ஜெபராணி சொன்ன அன்று பூலம்மாள் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள், அது சந்தோஷ அழுகை. காலையில் மற்றவர்களுக்கு முன்னாலேயே வந்து, மெஷினில் அரிசியைக் கொட்டி, அந்த எண்பதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். பள்ளிக்கூடம் இல்லாத சனி ஞாயிறு அவளுக்கு நகரவே நகராது.

மாசி மாதம் ஒன்றியத்திலிருந்து அதிகாரி ஒருவர் சோதனைக்கு வந்தார். நல்ல மனிதர், கணக்கில் கெட்டி. மெஷினைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், கூடுதல் யாருடையது என்று கேட்டார். ஞானசிகாமணி எழுந்து நின்று, "சந்தனமாரி, நாலாம் வகுப்பு, காலமாகிவிட்டாள் சார்" என்றார். அதிகாரி தலையாட்டினார். இறந்த பிள்ளை சாப்பிட வருவதில் அவருக்கு ஆட்சேபணை இருந்ததாகத் தெரியவில்லை. பேனாவை மூடப் போனவர் நிறுத்தினார்.

"நாலாம் வகுப்புன்னா நூறு வரணுமே சார். எண்பதுதான இருக்கு? மீதி இருபது எங்க போச்சு?"

செத்தவர்களுக்குப் பசி குறைவு என்றார் ஒருவர். மாரி எப்போதும் கொறிக்கிற பிள்ளைதான் என்றாள் ஒருத்தி. எமலோகத்து ஆற்றைக் கடந்து வருகிற வழியில் இருபது சிந்திவிடும் என்று பூசாரி சொன்னதாகப் பிற்பாடு கேள்வி. எல்லாரும் சிரித்தார்கள், அதிகாரியும் சிரித்துவிட்டு ஜீப்பில் ஏறினார். அடுப்படியில் சாம்பாரைத் துழாவிக்கொண்டிருந்த பூலம்மாளின் கரண்டி மட்டும் அப்படியே நின்றுவிட்டது, சாம்பார் அடிப்பிடித்தது.

அந்த இருபது எங்கே போனது என்று அவளுக்குத் தெரியும். மாரி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் தலை தட்டி அளந்தபின் கடைசி டம்ளராக மகளுக்கு அளக்கும்போது மட்டும் பூலம்மாள் ஒரு விரல் குறைத்து அளந்தாள். சமையல்காரி மகளுக்கு என்ன குறை, சட்டியே அவளுடையதுதானே என்று எவளாவது ஒருத்தி குழாயடியில் சொல்லிவிடக் கூடாதே என்கிற பயத்தில் குறைத்தாள். மகளைப் பந்தியில் கடைசியில் உட்கார வைத்தாள், மற்ற பிள்ளைகளுக்குக் கரண்டியை நிமிர்த்திப் போட்டவள் மகளின் தட்டுக்கு வந்ததும் சாய்த்துப் போட்டாள், குழம்பில் காய் மேலே வந்தால் தள்ளிவிட்டு ஊற்றினாள். மூன்றரை வருஷம், ஒரு நாள் தவறாமல், யாரும் சொல்லாமலே. யாரும் சொல்லவில்லை என்பதை அவள் தன் நேர்மைக்குக் கிடைத்த பரிசாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

மாரிக்குத் தெரிந்திருந்தது. காலையில் அம்மாவோடு சீக்கிரமே வந்து சமையலறை வாசலில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிற பிள்ளை அது. ஒருநாள் கேட்டாள்.

"யம்மா, எனக்கு மட்டும் டம்ளர்ல ஒரு விரல் குறையுது."

"வீட்டுல போய்த் தின்னுக்கிடலாம்ட்டி. சும்மா இரு."

வீட்டில் எத்தனை நாள் என்ன இருந்தது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் மாரி அதற்குப் பிறகு கேட்கவில்லை. அவள் கேட்காமல் போனதுதான் இப்போது பூலம்மாளின் நெஞ்சை அறுத்தது. செத்தபிறகும் அந்தப் பிள்ளை அம்மா போட்ட அளவுக்கு மேலே ஒரு மணி எடுக்கவில்லை.

மறுநாளிலிருந்து பூலம்மாள் நாற்பத்து மூன்றாவதாக ஒரு டம்ளர் அளக்க ஆரம்பித்தாள். தலை தட்டாமல், கோபுரமாகக் குவித்து, வழிய வழிய. மெஷின் அந்த டம்ளரின் எடையை ஒழுங்காகக் கூட்டிக்கொண்டு, அதற்கு மேல் எண்பதைக் காட்டியது. வீட்டிலிருந்து முந்தானையில் அரிசி கொண்டுவந்து போட்டாள், எண்பது. இருபது கிராமைத் தனியாகப் பொட்டலம் கட்டிப் பானைக்குள் வைத்தாள், எண்பது. டம்ளரை வைத்துவிட்டுக் கையால் அள்ளினாள், "தின்னு, எஞ் செல்லம், நிறையத் தின்னு" என்று அரிசிக்குள் முகம் புதைத்துச் சொன்னாள். எஸ்தர் வந்து தோளைப் பிடித்துத் தூக்கியபோது அவள் நெற்றியெல்லாம் அரிசி ஒட்டியிருந்தது. ஏன் என்று எஸ்தர் கேட்டாள், பூலம்மாள் சொல்லவில்லை.

ஒரு ஜூன் கழிந்து இரண்டாவது ஜூன் வந்தது. பள்ளி திறந்த அன்று எண்பது நூற்றிருபது ஆகிவிட்டது. மாரி ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டாள் என்று ஊரே குதூகலப்பட்டது, பஞ்சாயத்துத் தலைவர் வீட்டிலிருந்து மிட்டாய் டப்பா வந்தது, பிள்ளைகள் கைதட்டினார்கள். பெரிய பிள்ளைக்கு நூற்றைம்பது ஆயிற்றே என்று ஒருவரும் கேட்கவில்லை. பூலம்மாள் தனக்குத் தந்த மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டு மனசுக்குள் மாற்றிப் பார்த்தாள்: ஒன்றரை டம்ளரில் ஒன்றரை விரல் குறைவு. பிள்ளை வளர்ந்திருக்கிறாள், கூடவே குறையும் வளர்ந்திருக்கிறது.

முள்ளிக்கரைப் பள்ளி எட்டாம் வகுப்போடு முடிகிறது. அதற்குமேல் படிக்க எட்டு மைல் தள்ளி டவுன் உயர்நிலைப் பள்ளிக்குத்தான் போகவேண்டும். மாரியோடு சேர்ந்த பிள்ளைகள் எட்டாம் வகுப்பு முடிக்கிற சித்திரை வந்ததும் பூலம்மாள் தலைமை ஆசிரியர் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"சார், மாரிக்கு ஃபெயில் போட்டிருங்க."

ஞானசிகாமணி அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"எட்டாவது வரைக்கும் யாரையும் நிறுத்திவைக்க முடியாது பூலம்மா. சட்டம் அப்படி."

"செத்துப்போன பிள்ளைக்குமா சார் சட்டம்?"

அவர் மாற்றுச் சான்றிதழ்ப் புத்தகத்தை எடுத்து, மற்ற பிள்ளைகளுக்கு எழுதியதுபோலவே நிதானமாக எழுதினார். பெயர், சந்தனமாரி. நடத்தை, நன்று. பள்ளியை விட்டு நீங்கும் காரணம் என்ற இடத்தில் பேனா வெகுநேரம் நின்றது, பிறகு மேற்படிப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். "இதை டவுன் பள்ளியில் நீங்கதான் கொண்டுபோய்க் கொடுக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

பூலம்மாள் கொடுக்கவில்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது சான்றிதழ் அவள் டிரங்குப் பெட்டியில் மாரியின் பாவாடைக்கு அடியில் இருந்தது, சமையலறையில் நாற்பது டம்ளர் அரிசி நாலு கிலோ நூற்றிருபது இருந்தது. பூலம்மாள் மெஷினைக் கையெடுத்துக் கும்பிட்டாள். மகள் போகவில்லை, இனிமேல் போகவும் மாட்டாள், காகிதம் பெட்டியில் இருக்கிற வரைக்கும் இந்தச் சமையலறையில்தான் இருப்பாள். அந்த ஒரு வாரம் பூலம்மாள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்ததை எஸ்தர் பார்த்தாள்.

அந்த வாரக் கடைசியில் ஜெபராணி தட்டைக் கழுவ வந்தாள். அவள் இப்போது எட்டாம் வகுப்பு, அன்றைக்கு மாரியின் சோறு அவளுக்குத்தான் வந்திருந்தது.

"பெரியம்மா, மாரிகூடப் படிச்சவளுக எல்லாம் டவுனுக்குப் போயிட்டாளுவல்லா? இவ மட்டும் இங்க யார்கூட இருப்பா?"

பூலம்மாள் பானையைத் தேய்த்தாள்.

"அவளுக்கு இன்னும் பசிக்குதுன்னு நினைக்கேன் பெரியம்மா. அவ சோறு வர்ற அன்னைக்கு எனக்கு வயிறு நிறையுது. ஆனா அழுகை வருது."

அன்று சாயங்காலம் பூலம்மாள் எஸ்தரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். விரலைக் காட்டிச் சொன்னாள், இந்த விரல்தான் டீச்சர், இந்த விரல் அளவுதான் என்று. ஆறுதலாக எதையோ சொல்ல வாயெடுத்த எஸ்தரைப் பூலம்மாள் தடுத்தாள்.

"எங் கை அளக்குற வரைக்கும் அவளுக்கு இவ்வளவுதான் டீச்சர். நான் மலையாக் குவிச்சாலும் அவ குறைச்சுத்தான் எடுப்பா. அப்படிப் பழக்கிட்டேன்."

மறுநாள் முதல் பஸ்ஸில் பூலம்மாள் டவுனுக்குப் போனாள். ஒருத்திக்குத்தான் டிக்கெட் எடுத்தாள், ஆனால் ஜன்னலோரத்து இடத்தை விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள், அங்கே உட்காரவந்த ஓர் ஆளிடம் ஆள் வருது என்று சொன்னாள். உயர்நிலைப் பள்ளி அலுவலகத்தில் மேசை முழுக்கச் சான்றிதழ்கள் குவிந்து கிடந்தன. எழுத்தர் தலையைத் தூக்காமல் கையை நீட்டி வாங்கி, ஒன்பது ஆ பிரிவு என்று மூலையில் எழுதிக் கட்டோடு கட்டாகச் செருகினார். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்புவதுகூட இதைவிட நேரம் பிடிக்கும்.

திரும்பிப் போயிருக்கலாம். அவள் சமையலறையைத் தேடிக்கொண்டு போனாள். பெரிய கொட்டகை, இருநூற்று நாற்பது பிள்ளைகளுக்கு அரிசி போடுகிற இடம். ஆவுடையம்மாள் என்று ஒரு வாட்டசாட்டமான பொம்பிளை அரைக் கிலோ பிடிக்கிற பிளாஸ்டிக் மக்கால் அளந்து அளந்து அண்டாவில் கொட்டிக்கொண்டிருந்தாள், எழுபத்திரண்டு மக்கு, முப்பத்தாறு கிலோ. பூலம்மாள் வாசல்படியில், மாரி உட்காருகிற மாதிரியே உட்கார்ந்து எண்ணினாள். ஆவுடையம்மாள் ஒவ்வொரு மக்கையும் தலை தட்டினாள், ஒன்றுகூடக் குறையவில்லை, கடைசி மக்கும் குறையவில்லை. அண்டாவை இரண்டு பேர் தூக்கி மெஷினில் வைத்தார்கள்.

"இது என்ன, கூடுது" என்றாள் ஆவுடையம்மாள்.

"எவ்வளவுக்கா கூடுது?"

"நூத்தம்பது."

"நல்லாப் பாருங்கக்கா. நூத்திருபதா இருக்கும்."

"எனக்குக் கண்ணு தெரியும்ளா. நூத்தம்பது, அச்சா நூத்தம்பது. ஒரு பிள்ளை கூட வந்திருக்கு போல, இருந்துட்டுப் போவட்டும்." அப்போதுதான் அவள் திரும்பி வாசலில் இருந்தவளைப் பார்த்தாள். "நீங்க யாரு? ஏன் அழுதிய?"

பூலம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தானும் ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல்காரிதான் என்றாள். ஒரு விரல்கூடக் குறைக்காமல் அளக்கிறீர்களே, கை வலிக்காதா என்று கேட்டாள். ஆவுடையம்மாளுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

"குறைக்கணும்னா பெத்த பிள்ளைக்குக் குறைக்கலாம். எம் மவனும் இங்கதான் படிச்சான், பத்தாவது முடிக்கிற வரைக்கும் அவனுக்கு ஒரு கரண்டி குறைச்சுத்தான் போட்டேன். ஊரான் பிள்ளைக்கு எப்படிக் குறைக்க, பாவம்லா?"

பூலம்மாள் எழுந்தாள். கூடுதலாக வந்திருக்கிற பிள்ளை கடைசியில்தான் உட்காரும், தானாகக் கேட்காது, இரண்டாம் தடவை நீங்களாகப் போய்ப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு, எந்தப் பிள்ளை என்று ஆவுடையம்மாள் கேட்பதற்குள் பஸ்ஸுக்கு நடந்தாள். பத்தரைக்கெல்லாம் முள்ளிக்கரைக்கு வந்து அடுப்பை மூட்டி, நாற்பது டம்ளர் அரிசியைத் தலை தட்டி அளந்து மெஷினில் வைத்தாள். நாலு கிலோ. எஸ்தர் மெஷினை அணைத்து மறுபடி போட்டாள். நாலு கிலோ. வாசலில் பிள்ளைகள் வந்து கூடி நின்று அந்த எண்ணையே பார்த்தார்கள், ஜெபராணி மட்டும் பார்க்காமல் சுவரோரமாகத் திரும்பிக்கொண்டாள். எஸ்தர் மூன்றாம் முறையும் அணைக்கப் போனபோது பூலம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க டீச்சர். இன்னைக்கு அவ வயிறு நிறையத் தின்பா."